அலமாரிக்கு விளிம்பு கட்டின கதை

போன வாரம் ஆபீஸ்ல ஒரு நண்பர் வந்து உட்கார்ந்தார். ஊர்ல வீடு கட்டிக்கிட்டு இருக்காராம். சுவரோட சுவரா அலமாரி செஞ்சு வெள்ளை பெயிண்ட் அடிக்கப் போறாங்களாம். "சார், தட்டுகளோட முன்விளிம்புக்கு என்ன பீடிங் போடலாம்? நீங்க ரெண்டு தடவை செஞ்சிருக்கீங்களாமே!"

ரெண்டு தடவை செஞ்சதுல பெருமைப்பட ஒண்ணும் இல்லீங்க. முதல் தடவை சொதப்பினதாலதான் ரெண்டாவது தடவை :-)

"அது இருக்கட்டும், அந்த வீட்ல யார் இருக்கப் போறாங்க?"ன்னு திருப்பிக் கேட்டேன்.

மனுஷர் முழிச்சார். பீடிங் பத்திக் கேட்டா இவன் ஏன் குடும்பத்தை விசாரிக்கிறான்னு நினைச்சிருப்பார். லோன் செக்‌ஷன்ல இருபது வருஷம் உட்கார்ந்தவன் புத்தி வேற எப்படிப் போகும்னும் நினைச்சிருக்கலாம். ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம எந்த மரத்தையும் வாங்கக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு அலமாரிதான். அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒரு அறிமுகம். நான் கோவில்பட்டிக்காரன். பி.காம். படிச்சிட்டு பேங்க்ல சேர்ந்து, சுத்திச் சுத்தி இப்ப மஸ்கட்ல, ரூவி பக்கம் ஒரு பேங்க்ல கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கிட்டு இருக்கேன். எங்க ஊர்ல மழைன்னா அது ஒரு விசேஷம். கரிசல் காடு. பலகையை வாசல்ல போட்டா காய்ஞ்சு வெடிக்குமே தவிர ஊறாது. மஸ்கட்டும் கிட்டத்தட்ட அதே கதைதான். வெளியில வெயில், உள்ள ஏசி.

தங்கமணி மட்டும் நேர் எதிர். அவங்க ஊர் கல்லாறு. திருவனந்தபுரத்துல இருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டி பொன்முடி போற வழியில, ஒரு 45 கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்துதான் 22 கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கும். பேருக்கு ஏத்த மாதிரி ஆறு முழுக்கக் கல்லு. யானைக்குட்டி சைஸ்ல உருண்டைப் பாறைங்க, நடுவுல கண்ணாடி மாதிரி தண்ணி. இதுதான் கீழ போய் வாமனபுரம் ஆறாகுது. மேல மலையில மழை பெஞ்சா இங்க வெயில் அடிக்கும்போதே தண்ணி திடீர்னு ஏறிடும், அதனால குளிக்கிறவங்களை ஊர்க்காரங்க எப்பவும் அதட்டிக்கிட்டே இருப்பாங்க. நாட்டு மருந்துக்காக 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினாங்களே லட்சுமிக்குட்டி அம்மா, அவங்க இந்தக் கல்லாறு காட்டுக்காரங்கதான்.

தங்கமணியோட தாத்தா அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு மலை ஏறினவர். மாமா மலை இறங்கி வந்து ரோட்டோரமா ஒரு டீக்கடை போட்டார். பொன்முடி போற வண்டியெல்லாம் அங்க நின்னு ஒரு டீ, ஒரு பருப்புவடை. அந்தக் கடையில சம்பாதிச்சு, பின்னாடி மலைச்சரிவுல மூணு ரூம் வீடு. 2021-ல் மாமா போயிட்டார். அத்தை மட்டும் தனியா.

அத்தைக்கு இழுப்பு உண்டு. ஆனாலும் ஊரை விட்டு வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். சரி, அவங்களுக்கு வசதியா எதாவது செய்யலாம்னு 2022 ஜூலை லீவுல போனப்ப தங்கமணி ஒரு திட்டம் போட்டா. நடு ரூம்ல ஒரு சுவர் முழுக்க அலமாரி. அத்தையோட துணிமணி, மாமாவோட சாமான், நாங்க வந்தா போனா வைக்க வேண்டியது, எல்லாம் ஒரே இடத்துல. "நம்ம மஸ்கட் வீட்ல இருக்கிற மாதிரியே வெள்ளையா வேணுங்க."

இங்கதான் விதி விளையாடிச்சு.

மஸ்கட் வீட்டு அலமாரியை நான் நல்லா உத்துப் பார்த்திருக்கேன். வெண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு வெள்ளை. தட்டோட விளிம்புல ஒரு ரேகை, ஒரு கணு தெரியாது. காரணம் அந்த விளிம்பு எம்.டி.எஃப். மரத்தைப் பஞ்சு மாதிரி நாராக்கி, பிசின் சேர்த்து, சூட்டுல அழுத்தின பலகை. நாருக்குத் திசையே கிடையாது, அதனால பெயிண்ட் ஏறுறதுக்கு அதை விட நல்ல தளம் இல்லை. நேரா இருக்கும், முறுக்காது, விலையும் கம்மி.

கல்லாறுல வேலைக்கு வந்த ஆசாரி சேட்டன் மாமாவோட சிநேகிதர். அறுபது வயசு இருக்கும். தட்டுக்கு மரைன் ப்ளைவுட், அதாவது ஐ.எஸ். 710 முத்திரை போட்டது, அதுல எங்க ரெண்டு பேருக்கும் சண்டை இல்லை. ப்ளைவுட்டோட வெட்டின விளிம்புல அடுக்கு அடுக்கா தெரியுமே, அதை மூடுறதுக்கு எம்.டி.எஃப். பட்டின்னு நான் சொன்னதும் சேட்டன் உளியைக் கீழ வச்சார்.

"அது வேண்டா சாரே. இது கல்லாறல்லே."

"பெயிண்ட்தான் அடிக்கப் போறோமே சேட்டா, தண்ணி எப்படி உள்ள போகும்?"

அவர் பதில் சொல்லலை. சம்பளம் தர்றவன் சொல்றான். செஞ்சார். வெளியில எடவப்பாதி மழை கொட்டிக்கிட்டு இருக்கு, உள்ள நாங்க பெயிண்ட் அடிக்கிறோம். ஒரு கோட்டு காயறதுக்கு ரெண்டு நாள். லீவு முடியுதேன்னு ஃபேனை வச்சுக் காயவச்சு, பத்தே நாள்ல முடிச்சோம். போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். பார்க்க அச்சு அசலா மஸ்கட்.

அந்தத் தடவை அத்தையையும் வற்புறுத்தி எங்ககூடக் கூட்டிட்டு வந்தாச்சு. விசிட் விசா முடிஞ்சதும் பெங்களூர்ல பெரிய மகள் வீடு. வீடு பூட்டிக் கிடந்தது, ஒரு வருஷம்.

2023 ஜூலையில அத்தையோட போய்க் கதவைத் திறந்தோம்.

வாசனைதான் முதல்ல வந்தது. நனைஞ்ச காக்கிப் பையை மூணு நாள் மூடி வச்சா வருமே, அது. அலமாரி கதவு திறக்கவே மாட்டேங்குது. இழுத்துத் திறந்தா, விளிம்புப் பட்டி எல்லாம் டீயில முக்கின பிஸ்கட் மாதிரி உப்பி, பெயிண்ட் வாய் பிளந்து நிக்குது. கதவு இடிச்சதுக்கு அதுதான் காரணம். உள்ள தட்டுல பச்சையும் சாம்பலுமா பூஞ்சை. அத்தையோட கல்யாணப் பட்டு, மாமா முப்பது வருஷம் எழுதின கடைக் கணக்கு நோட்டு, எல்லாத்து மேலயும் ஒரு மெல்லிய சாம்பல் போர்வை.

சேட்டன் வந்து பார்த்தார். 'அன்னிக்கே சொன்னேனே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். சொல்லலை. விளிம்புல கட்டை விரலை வச்சு அழுத்தினார். விரல் உள்ள போச்சு. அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி அத்தைக்கு இழுப்பு வந்தது. அந்தப் பூஞ்சைத் தூசியை நாங்க பெருக்கித் தள்ளினதுல வந்ததுதான். விதுராவுக்கு வண்டி பிடிச்சு ஓடி, நெபுலைசர் வச்சு, விடியக்காலை நாலு மணிக்குத் திரும்பி வந்தோம். வழியெல்லாம் யாரும் பேசலை.

மறுநாள் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு பேப்பரை எடுத்து கோடு போட்டுக் கணக்கு எழுதினேன். வீட்டு வரி, ரிப்பேர், வருஷா வருஷம் பெயிண்ட், ஆள் இல்லாத வீட்டுக்குக் காவல். இந்தப் பக்கம், வித்தா வர்ற பணம், அதுக்கு வட்டி. கணக்கு ரொம்பத் தெளிவா இருந்தது. தங்கமணிகிட்ட நீட்டினேன். அவ வாங்கிப் பார்த்துட்டு மடிச்சு வச்சுட்டா.

அத்தைதான் பேசினாங்க. "மாப்ள, வீடு ஒண்ணும் கெட்டுப் போகலை. பூட்டி வச்சோம்ல, அதான். மாமா இருந்தப்ப மழைக்காலத்துல தினம் கதவையெல்லாம் திறந்து போடுவார். நீங்க அந்த மரத்தை மட்டும் மாத்திக் குடுங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

அதாவது இப்ப பந்து என் பக்கம். அத்தை இந்த வீட்ல மூச்சு விட முடியுமா முடியாதாங்கிறது நான் போடற அலமாரியில இருக்கு. அலமாரின்னா வெறும் அழகுன்னு நினைச்சவனுக்கு இது நல்ல பாடம்.

மஸ்கட் திரும்பினதும் படிக்க ஆரம்பிச்சேன். பி.காம். காரனுக்குப் புரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

மரம்ங்கிறது வெட்டின பிறகும் மூச்சு விடுற சாதி. சுத்தி இருக்கிற காத்துக்குத் தகுந்த மாதிரி ஈரத்தை வாங்கும், விடும். காத்துல ஈரப்பதம் 40 சதவீதம்னா மரத்துக்குள்ள அதோட எடையில 7, 8 சதவீதம் தண்ணி நிக்கும். ஈரப்பதம் 90 ஆனா உள்ள இருக்கிற தண்ணி 20 சதவீதத்தை நெருங்கிடும். ஏசி ரூம்ல முதல் நிலைமை, மழைக்காலக் கல்லாறுல ரெண்டாவது. அதுவும் தெற்குக் கேரளாவுக்கு ஒரு மழை இல்லை, ரெண்டு. ஜூன்ல இருந்து எடவப்பாதி, அது ஓய்ஞ்சா அக்டோபர்ல துலாவர்ஷம்.

பெயிண்ட் அடிச்சா தண்ணி எப்படிப் போகும்னு கேட்டேனே, அதுதான் என் முட்டாள்தனம். பெயிண்ட் சொட்டுத் தண்ணியைத் தடுக்கும். காத்துல ஆவியா இருக்கிற ஈரத்தை அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சாதா மரம் ஈரம் வாங்கி உப்பினாலும் காய்ஞ்சா பழைய நிலைக்கு வந்துடும். எம்.டி.எஃப். அப்படி இல்லை. அழுத்தி வச்ச நார் ஒரு தடவை விரிஞ்சா விரிஞ்சதுதான். வராக் கடன் மாதிரி :-(

இன்னொரு விஷயமும் புரிஞ்சது. இந்த விளிம்புப் பட்டி அழகுக்கு மட்டும் இல்லை. மூணடி நீளத் தட்டு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்ல இருந்தா, பட்டுப் புடவையும் போர்வையும் அடுக்க அடுக்க நாலஞ்சு வருஷத்துல நடுவுல தொங்கிடும். முன்னாடி ஒண்ணரை அங்குல உயரத்துக்கு ஒரு மரப்பட்டி ஒட்டினா அது உத்திரம் மாதிரி தாங்கும். பட்டியோட உயரத்தை ரெண்டு மடங்காக்கினா அது வளையாம நிக்கிற பலம் எட்டு மடங்கு. போட்ட முதலுக்கு இப்படி ஒரு வருமானம் எந்த டெபாசிட்ல வரும் சொல்லுங்க?

எங்க அலமாரி ஒன்பது அடி அகலம். மூணு மூணு அடியா மூணு பாகம், ஒவ்வொண்ணுலயும் அஞ்சு தட்டு. ஆக 45 அடி. நிக்கிற பலகை நாலு, ஏழடி வீதம் 28. மேல ஒரு ஒன்பது அடி. மொத்தம் 82 ரன்னிங் அடி விளிம்பு வேணும். இதுக்கு வந்த விண்ணப்பங்களை ஒவ்வொண்ணா எடுத்து, பேங்க்ல செய்யற மாதிரியே பரிசீலிச்சேன்.

தேக்கு: கடனே தேவைப்படாத பணக்காரர். கரையானுக்கும் ஈரத்துக்கும் அசராது. ஆனா மேல வெள்ளை பெயிண்ட் அடிக்கப் போறோம். தங்கத்துக்கு முலாம் பூசுற கதை. போதாக்குறைக்கு அதுல இருக்கிற எண்ணெய்ப் பசை பெயிண்டைப் பிடிக்கவிடாது, தின்னர் போட்டுத் துடைச்சுட்டுத்தான் ப்ரைமரே அடிக்கணும்.

ரப்பர் மரம்: கேரளாவுல எங்க பார்த்தாலும் கிடைக்கும், நிறம் வெளுப்பு, விலை மலிவு. ஆனா பால்மரம் பாருங்க, உள்ள மாவுச்சத்து ஜாஸ்தி. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. போரான் மருந்து ஏத்தி, சூளையில உலர்த்தினதுதான் வாங்கணும். அந்த மருந்தும் ஈரத்துல கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு போயிடும். ஜாமீன்தாரர் கையெழுத்து இருந்தாத்தான் கடன், அந்த ஜாமீன்தாரரும் மழைக்காலத்துல ஊர்ல இருக்கமாட்டார். வேண்டாம்.

பி.வி.சி. எட்ஜ் பேண்ட்: ரிப்பன் மாதிரி சுருளா வரும், சூட்டுப் பசையில ஒட்டுறது. லாமினேட் ஒட்டின அலமாரிக்கு அருமை. ஆனா அது மேல பெயிண்ட் நிக்காது, நகத்தால சுரண்டினா உரிஞ்சு வரும். தட்டுக்குப் பலமும் தராது. நாம அடிக்கிறது பெயிண்ட், அதனால ஆள் மாறி வந்துட்டார்.

பி.வி.சி. ஃபோம் போர்டு: கடையில மல்ட்டிவுட்னு கேட்டாத் தருவாங்க. தண்ணியில போட்டு வச்சாலும் உப்பாது, கரையான் திரும்பிக்கூடப் பார்க்காது. லேசா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா பெயிண்டும் பிடிக்கும். கிட்டத்தட்ட இதையே முடிவு பண்ணிட்டேன். ஒரே குறை, விளிம்புல ஸ்க்ரூ பிடிக்காது, பாரம் தாங்காது. போர்வை அடுக்கின தட்டு தொங்குறதை இது நிறுத்தாது. தவணை தவறாதவர், ஆனா அஞ்சு ரூபாய்க்கு மேல தாங்கமாட்டார்.

ஆஞ்சிலி: நாகர்கோவில் பக்கம் அயனின்னு சொல்வாங்க. காட்டுப் பலா. கேரளாவுல படகுப் போட்டிக்கு விடற சுண்டன் வள்ளம் எல்லாம் இந்த மரத்துலதான் செய்வாங்க. வருஷக்கணக்கா தண்ணியில கிடக்கிற மரத்துக்கு அலமாரி ஈரம் ஒரு பொருட்டா? ஆனா நிறம் மஞ்சள். இதோட அண்ணன் பலா மரத்தோட வைரத்துல இருந்துதான் புத்த பிக்குகளோட துணிக்குச் சாயம் எடுப்பாங்க. அந்த மஞ்சள் வெள்ளை பெயிண்டைத் தாண்டி வெளிய வந்துடாம இருக்க, கறை தடுக்கிற ப்ரைமர் ஒரு கோட்டு கூடுதலா வேணும். உள்ளூர்க்காரர், பல தலைமுறைக் கணக்கு சுத்தம். பாஸ்!

சேட்டனுக்குப் போன் பண்ணி, "ஆஞ்சிலி கிடைக்குமா? ஆனா நல்லாக் காய்ஞ்சதா இருக்கணும்"னு கேட்டேன். பச்சை மரத்தை அறுத்துப் பட்டி போட்டா அது காயக் காயச் சுருங்கி, முறுக்கி, மறுபடி இன்னொரு சொதப்பல்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். "சாரே, கடையுடெ நிரப்பலக அவிடெ கிடப்பில்லே?"

நிரப்பலகைன்னா அந்தக்காலக் கடைக் கதவு. வரிசையா நிறுத்துற நீளப் பலகைங்க. ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்கும், ராத்திரி ஒவ்வொண்ணா காடியில செருகிக் கடையை அடைக்கிறது. மாமா கடைக்கு ஷட்டர் போட்டப்ப கழட்டின பதினோரு பலகை வீட்டுப் பின்னாடி கொட்டகையில கிடக்கு. எல்லாம் ஆஞ்சிலி. ரோட்டுப் பக்கமா நின்னு முப்பது வருஷ மழையை நேரா வாங்கின மரம். அதை விடவா ஒரு சிபில் ஸ்கோர் வேணும்?

தங்கமணி தயங்கினா. "அப்பா கை பட்ட பலகைங்க. அதை அறுத்து, அது மேல வெள்ளை பெயிண்ட் வேறயா?"

எனக்குப் பதில் தெரியலை. போனை அத்தைகிட்ட குடுத்தா. அத்தை ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. "கொட்டகையில கரையானுக்குக் குடுக்கறதுக்கு வீட்டுக்குள்ள இருக்கட்டும்டி."

அடுத்த கேள்வி, எப்ப செய்யறது? இங்க நம்ம ஜனங்க எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஓமான்ல இந்தியப் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு ஜூன், ஜூலை. அதனால நாம ஊருக்குப் போறது அப்பதான், வீட்டு வேலை வைக்கிறதும் அப்பதான். கேரளாவுல அது கொட்டுற மழை. அப்ப ஒட்டுற மரம் தொப்பையா உப்பி இருக்கும், பெயிண்டுக்கு உள்ள ஈரம் மாட்டிக்கும். எங்க வசதிக்கு வேலை பார்த்தது முதல் தப்பு. மரத்தோட வசதிக்குத்தான் வேலை பார்க்கணும்.

அதனால 2024 பிப்ரவரியில நான் மட்டும் தனியா ரெண்டு வாரம் லீவு போட்டுக் கிளம்பினேன். பசங்களுக்குப் பரிட்சை நேரம். மேனேஜர் முறைச்சார். "வீட்ல எதாவது விசேஷமா?"ன்னு கேட்டார். "அலமாரி"ன்னு சொல்ல வெட்கமா இருந்தது. "அத்தைக்கு உடம்பு"ன்னேன். யோசிச்சுப் பார்த்தா அதுவும் உண்மைதானே?

ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன். முந்தின ஜூலையில அந்த ரூம் இருந்த இருப்புக்கு இப்ப 60 சொச்சம் காட்டுச்சு. ஆத்துல பாறைதான் தெரிஞ்சது, தண்ணி ஓரமா ஓடிக்கிட்டு இருந்தது. நல்ல சகுனம்.

பலகையை மரமில்லுக்கு எடுத்துட்டுப் போனா மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆணி இருந்தா அவர் ரம்பம் போயிடும். அதுவும் சரிதான். நானும் சேட்டனும் ஒரு நாள் முழுக்கக் காந்தத்தை வச்சுத் தடவித் தடவி ஆணி பிடுங்கினோம். காலண்டர் மாட்டின ஆணி, சாமி படம் மாட்டின ஆணி, எதுக்குன்னே தெரியாத ஆணி. ஆபீஸ்ல ஆணி பிடுங்கறது போதாதுன்னு இங்கயும் :-) வடைச்சட்டிக்குப் பக்கத்துல நின்ன ரெண்டு பலகையில எண்ணெய்ப் புகை கெட்டியா ஏறியிருந்தது. அது மேல பெயிண்ட் ஒட்டாது. இழைப்புளி போட்டு நல்லா சீவினதும் உள்ள இருந்து பளிச்னு மஞ்சளா மரம் வந்தது பாருங்க, சேட்டன் முகத்துல அன்னிக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

ஏழடிப் பலகை ஒண்ணுல ஒண்ணரை அங்குலப் பட்டி நாலு வந்தது. கழிவு போக நாலு பலகை போதுமானதா இருந்தது. மீதி ஏழு பலகை இன்னும் கொட்டகையில பத்திரமா, தரையில படாம இருக்கு.

இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு சேட்டன் சொன்னதை எல்லாம் எழுதிக்கிட்டேன். உங்களுக்கும் உதவும்.

1. பட்டியை ஒட்டறதுக்கு முன்னாடியே நாலு பக்கமும் ப்ரைமர் அடிச்சுடணும், ப்ளைவுட்டோட ஒட்டற முகத்தை மட்டும் விட்டுட்டு. கண்ணுக்குத் தெரியற பக்கம் மட்டும் அடிச்சா தெரியாத பக்கம் ஈரம் குடிச்சு வளையும்.

2. குறுக்கா வெட்டின முனை உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணியை இழுக்கும். அங்க மூணு கோட்டு.

3. தண்ணி தாங்கற பசை. இரும்பு ஆணி கூடாது. துரு பெயிண்டைத் தாண்டி வரும், அதோட இந்த மாதிரி மரத்துல இரும்பு பட்டா கருப்புக் கறை விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

4. பட்டியோட கூர் முனையை உப்புத்தாளால லேசா மழுக்கணும். கூரான முனையில பெயிண்ட் நிக்காது, முதல்ல உரியறது அங்கதான்.

5. சுவருக்கும் பட்டிக்கும் இடையில இருக்கிற சந்தை சிலிகான் வச்சு அடைக்காதீங்க, அது மேல பெயிண்ட் ஏறாது. பெயிண்ட் அடிக்கிற அக்ரிலிக் வகை வேணும்.

6. மலைப்பக்கச் சுவரை ஒட்டி அலமாரி வைக்கவே கூடாது. ரெண்டு அங்குலம் இடைவெளி விட்டோம், கதவுல மேலயும் கீழயும் காத்துப் போக ஓட்டை. எந்த மரம் போட்டாலும் காத்து ஓடலைன்னா பூஞ்சை வரும். பூஞ்சைக்கு மரம் முக்கியம் இல்லை, நிக்கிற ஈரம்தான் முக்கியம்.

மொத்த அலமாரிச் செலவுல இந்த 82 அடிக்கு ஆனது பத்துல ஒரு பங்குகூட இல்லை. மரம் சும்மா கிடைச்சதால அப்படின்னு நினைக்காதீங்க. காய்ஞ்ச ஆஞ்சிலியை விலை குடுத்து வாங்கியிருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. முதல் தடவை நான் மிச்சம் பிடிச்சது அந்தச் சின்னத் தொகையில. அதுக்குக் குடுத்த விலை மொத்த அலமாரி, ஒரு பட்டுப் புடவை, அத்தையோட ஒரு ராத்திரி மூச்சு.

மார்ச்ல அத்தை பெங்களூர்ல இருந்து வந்து குடியேறினாங்க. மாமாவோட கணக்கு நோட்டை வெயில்ல காயவச்சு, துடைச்சு, நடுத்தட்டுல வச்சாங்க. பட்டுப் புடவை தப்பலை. ஜரிகையை மட்டும் பிரிச்சு எடுத்து வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் 2024, 2025-னு ரெண்டு வருஷ மழை போயிடுச்சு. லீவுக்குப் போனப்ப டார்ச் அடிச்சு ஒவ்வொரு விளிம்பா தடவிப் பார்த்தேன், ஆடிட்டர் மாதிரி. ப்ளைவுட்டும் பட்டியும் சேர்ற இடத்துல முடி அளவுக்கு ரெண்டு மூணு கீறல். அது மரம் மூச்சு விடறதால வர்றது, விட்டுடலாம். மூணாவது பாகத்துல ஒரு இடத்துல மட்டும் லேசா மஞ்சள் கசிஞ்சிருந்தது, அங்க ப்ரைமர் மெல்லிசா விழுந்திருக்கணும். உப்பல் இல்லை. வாசனை இல்லை.

ஆனா இது ஆஞ்சிலியால மட்டும்னு சொன்னா நான் பொய் சொல்றேன். அத்தை தினம் காலையில பத்து மணிக்கு, மழை விட்ட நேரம் பார்த்து, அந்தக் கதவு ஆறையும் திறந்து போடறாங்க. மத்தியானம் சாத்தறாங்க. அந்தப் பழக்கம் இல்லாத வீட்ல தேக்கு போட்டாலும் ஒரு நாள் பூஞ்சை வந்தே தீரும்.

அதனாலதான் நண்பர்கிட்ட அப்படிக் கேட்டேன். வீட்ல ஆள் இருந்து கதவைத் திறந்து மூடப் போறாங்கன்னா, நல்லாக் காய்ஞ்ச மரப்பட்டி போட்டு பெயிண்ட் அடிங்க, உங்க பேரன் வரைக்கும் நிக்கும். பதினோரு மாசம் பூட்டிக் கிடக்கப் போற வீடுன்னா, பெயிண்ட் ஆசையையே கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, ஈரமே வாங்காத ஃபோம் போர்டு விளிம்பு போடுங்க. தட்டோட நீளத்தை ரெண்டடிக்குள்ள வச்சுக்கிட்டா தொங்கற பிரச்சினை வராது. மாசம் ரெண்டு தடவை வந்து திறந்து வைக்க ஒரு ஆளையும் பேசி வைங்க. எம்.டி.எஃப். ஏசி ஓடற ஃப்ளாட்டுக்கு நல்ல பிள்ளை. அதை அங்கயே விட்டுடுங்க.

நண்பர் கொஞ்ச நேரம் யோசிச்சார். "அம்மா வந்து இருப்பாங்கன்னுதான் கட்டறோம். ஆனா இன்னும் அவங்ககிட்ட கேக்கலை சார்"னார்.

முதல்ல அதைக் கேளுங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே தங்கமணி அத்தைக்குப் போன் போட்டா. பின்னாடி ஆத்துச் சத்தம் கேக்குது. என்ன பண்றீங்கன்னு கேட்டேன்.

"மழை விட்டிருக்கு மாப்ள. இப்பதான் அலமாரியைத் திறந்து போட்டேன்."